கிளட்ச் டீரெய்லரோடு சில வருடங்கள்

மவுண்டன் பைக்கில் கிளட்ச் உள்ள ரியர் டீரெய்லர் (பின்சக்கரத்தில் செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்தி கியர் மாற்றும் பாகம்) மாட்டிச் சில வருடங்களாக ஓட்டுகிறேன். கிளட்ச் எதற்கு என்று கேட்பவர்களிடம் பெரும்பாலும் "சத்தம் குறையும்" என்றுதான் சொல்வார்கள். குறைகிறது, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் என்னைக் கேட்டால் இதன் முதல் பயன் செயின் கழலாமல் இருப்பதுதான், சத்தம் அப்புறம்தான்.

கிளட்ச் இல்லாத டீரெய்லரில் கேஜை, அதாவது இரண்டு சின்னப் புல்லிகளோடு கீழே தொங்கிச் செயினை இழுத்து வைக்கும் கையை, பின்னால் இழுத்துப் பிடிப்பது ஒரு ஸ்பிரிங் மட்டும். கற்கள் நிறைந்த இறக்கத்தில் வண்டி குதிக்கும்போது கேஜ் முன்னும் பின்னுமாக ஆடும், கீழே ஓடும் செயின் தளர்ந்து செயின்ஸ்டேயில் (பின்சக்கரத்துக்குப் போகும் ஃபிரேமின் கீழ்க்குழாயில்) போய் அடிக்கும். அந்தத் தளர்ச்சி மேலே செயின்ரிங் (பெடலோடு சுற்றும் முன்பக்கப் பல்சக்கரம்) வரைக்கும் போனால் செயின் பல்லை விட்டு எழும்பிக் கழன்றுவிடும். ஸ்பிரிங்கை இன்னும் கெட்டியாகப் போட்டால் தீர்ந்துவிடாதா என்று தோன்றலாம், ஆனால் அப்படிப் போட்டால் செயின் எந்நேரமும் விறைப்பாகவே ஓடும். கிளட்ச் வேறு மாதிரி வேலை செய்கிறது. கேஜின் அச்சில் ஒரு பக்கம் மட்டும் பிடிக்கிற ரோலர் பேரிங்கும் அதோடு ஒரு உராய்வுப் பகுதியும் இருக்கின்றன. கேஜ் முன்னால் போகப் பார்த்தால், அதாவது செயினைத் தளர்த்தப் பார்த்தால், உராய்வு தடுக்கும். பின்னால் திரும்பும்போது கிளட்ச் விட்டுவிடும், ஸ்பிரிங் மட்டும் செயினை இழுத்துக்கொள்ளும். கிளட்ச் போட்டால் செயின் டைட்டாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை, வண்டி நிற்கும்போது செயினில் இருப்பது அதே ஸ்பிரிங்கின் இழுவைதான்.

இது 2011-இல் சைக்கிள் பாகங்கள் செய்யும் ஷிமானோவின் எக்ஸ்டிஆர் டீரெய்லரில் ஷேடோ பிளஸ் என்ற பெயரில் வந்தது. அடுத்த வருடமே போட்டி நிறுவனமான ஸ்ராமின் கிளட்ச் டீரெய்லர், டைப் 2, வந்தது. அதே 2012-இல் முன்னால் ஒரே செயின்ரிங் உள்ள ஸ்ராம் எக்ஸ்எக்ஸ்1 கியர் செட் வந்தபோது அகலப் பல்லும் குறுகிய பல்லும் மாறி மாறி வருகிற செயின்ரிங்கும் கூடவே வந்தது. முன்னால் ஒரே செயின்ரிங், முன்பக்க டீரெய்லரோ செயின் கழலாமல் பிடிக்கும் செயின் கைடோ வேண்டாம் என்று துணிந்து ஓட்ட முடிந்தது இந்த இரண்டும் சேர்ந்ததால்தான். ஒன்றை மட்டும் நம்பினால் போதாது. செயின்ரிங் பற்கள் தேய்ந்து மெலிந்துவிட்டால் கிளட்ச் எவ்வளவு நன்றாக இருந்தாலும் செயின் கழலத்தான் செய்யும். அதனால் செயின் கழன்றால் டீரெய்லரைக் குறை சொல்லும் முன் முன்பக்கப் பற்களையும் செயின் நீளத்தையும் பாருங்கள்.

ஓட்டும்போது என்ன வித்தியாசம் என்றால், கரடுமுரடான இறக்கம் முடிந்து உடனே மேடு வருகிற இடத்தில் யோசிக்காமல் பெடலை மிதிக்கலாம். செயின் இருக்குமா என்ற பயத்தோடு மிதிப்பதும் இருக்கும் என்று நம்பி மிதிப்பதும் ஒன்றல்ல. செயின் இல்லாத பெடலில் முழு பலத்தையும் போட்டால் கால் வழுக்கி உடம்பே முன்னால் போய்விடும், ஒரு தடவை பட்டவர்களுக்குத் தெரியும். இன்னொன்று, செயின் சத்தம் அடங்கியதும் வண்டியின் மற்ற சத்தங்கள் காதில் விழ ஆரம்பிக்கின்றன. ஃபிரேமில் தட்டுகிற கேபிள், லூசான பாட்டில் கேஜ் ஸ்க்ரூ, பிரேக் பேடின் கடகடப்பு எல்லாவற்றையும் சீக்கிரமே கண்டுபிடித்துவிடலாம்.

குறைகளும் உண்டு. பின்னால் பெரிய பல்சக்கரத்துக்கு மாற்றும்போது கேஜ் முன்னால் போயாக வேண்டும், கிளட்ச் தடுப்பதும் அந்தத் திசையில்தான். அதனால் ஹேண்டில்பாரில் கியர் மாற்றும் ஷிஃப்டர் லீவர் கட்டைவிரலுக்குக் கொஞ்சம் கனமாகத் தெரியும். பழைய கேபிளோடு இது இன்னும் மோசம். கேபிளையும் அதன் வெளி உறையையும் புதிதாக மாற்றினால் பாதிக் கனம் போய்விடுகிறது என்பது என் அனுபவம். ஃபுல் சஸ்பென்ஷன் (முன்னும் பின்னும் சஸ்பென்ஷன் உள்ள) வண்டியில் பின்சக்கரம் மேலே எழும்போது செயின் கேஜை முன்னால் இழுக்கும், கிளட்ச் அதைத் தடுப்பதால் சஸ்பென்ஷன் கொஞ்சம் இறுகும் என்று சொல்வார்கள். கணக்குப்படி சரிதான். ஆனால் கிளட்சை அளவுக்கு மீறி இறுக்கி வைத்தால் தவிர எனக்கு அது பெரிதாகத் தெரியவில்லை.

சக்கரத்தைக் கழற்றுவது பழகினால் சுலபம். ஷிமானோவில் சின்ன லீவரை ஆஃப் செய்தால் போதும், ஸ்ராமில் கேஜை முன்னால் தள்ளிப் பட்டனை அமுக்கினால் அங்கேயே நிற்கும். திரும்ப மாட்டியதும் லீவரை ஆன் செய்துவிட்டுக் கிளம்புங்கள்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. கிளட்ச் திடீரென்று ஒருநாள் கெட்டுப்போவதில்லை, மெல்ல மெல்ல இளகும், அதனால்தான் பலருக்குத் தெரிவதே இல்லை. செயின் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்ப வரும், காதும் பழகிவிடும். அதனால் கையால் பார்ப்பதுதான் நல்லது. செயினைப் பின்னால் சின்ன பல்சக்கரத்தில் வைத்து, கேஜைக் கீழ்ப் புல்லி பக்கம் பிடித்து மெதுவாக முன்னால் தள்ளுங்கள். ஆரம்பம் முதல் கடைசி வரை ஒரே சீரான கனம் தெரிய வேண்டும். லீவர் உள்ள மாடலில் ஆன், ஆஃப் இரண்டிலும் தள்ளிப் பார்த்தால் வித்தியாசம் கையிலேயே தெரியும். திக்கித் திக்கி நகர்ந்தால் உள்ளே கிரீஸ் காய்ந்திருக்கிறது, அல்லது துரு. கையை விட்டதும் கேஜ் சோம்பலாகத் திரும்பி, கீழே செயின் தொங்கினால் உள்ளே இறுகிவிட்டது. இளகிய கிளட்சைவிட இது மோசம், ஏனென்றால் செயினை இழுத்துப் பிடிக்க எதுவுமே இல்லாமல் போகிறது.

என் டீரெய்லர் ஒரு மழைக்காலத்துக்குப் பிறகு கியர் மாற்றும்போதெல்லாம் கீச்சென்றது. பக்கவாட்டு மூடியின் சின்ன ஸ்க்ரூக்களைக் கழற்றினால், ரோலரைச் சுற்றியிருக்கும் உலோகப் பட்டையில் கிரீஸ் கறுத்து உலர்ந்து, ஓரத்தில் பழுப்பாகத் துரு பிடிக்க ஆரம்பித்திருந்தது. துணியால் துடைத்து, தயாரிப்பாளர் சொல்லும் கிரீஸை மெல்லிசாகத் தடவி, ரப்பர் கேஸ்கெட்டை அதன் இடத்தில் சரியாக உட்கார வைத்து மூடியதும் கீச்சு நின்றுவிட்டது. அப்புறம் உராய்வு ஸ்க்ரூவைக் கொஞ்சமாகத் திருப்பி, தள்ளிப் பார்த்து, மறுபடி கொஞ்சம் திருப்பி வைத்தேன். இதில் அவசரம் கூடாது. மூடிக்குள் செயின் ஆயிலோ ஸ்பிரேயோ அடிக்கவே அடிக்காதீர்கள், உள்ளே இருக்கிற கிரீஸ் கரைந்து போய்விடும். வண்டி கழுவும்போது அழுத்தத் தண்ணீரையும் அந்தப் பக்கம் காட்ட வேண்டாம். ஸ்ராம் கிளட்சில் இப்படி நாமே இறுக்குகிற ஸ்க்ரூ கிடையாது. பராமரிப்புத் தொல்லை குறைவு, ஆனால் இளகினால் நாம் செய்யக்கூடியதும் குறைவு. எனக்கு ஸ்க்ரூ உள்ளதுதான் பிடிக்கும்.

முன்னால் ஒரே செயின்ரிங் என்றால் கிளட்ச் இல்லாமல் வாங்கவே வாங்காதீர்கள். இரண்டு மூன்று செயின்ரிங் உள்ள பழைய வண்டிக்கு மாற்ற நினைத்தால் முதலில் ஷிஃப்டரைப் பாருங்கள். ஷிமானோவின் 9 ஸ்பீட் ஷிஃப்டர் கேபிளை இழுக்கும் அளவு வேறு, 10 ஸ்பீட் மவுண்டன் டீரெய்லர் கேட்கும் அளவு வேறு, இரண்டும் சேராது. பழைய டீரெய்லர் வாங்குவதானால் கேஜைத் தள்ளிப் பார்க்காமல் பணம் கொடுக்க வேண்டாம். செயின்ஸ்டேயில் ஒட்டியிருக்கும் ரப்பரையும் கழற்றிவிடாதீர்கள், பெரிய குதிப்பில் கிளட்ச் இருந்தும் செயின் அங்கே தட்டத்தான் செய்கிறது.