"மெஷினும் நாங்களே, இடமும் நாங்களே"ன்னு எவனாவது சொன்னா அப்படியே திரும்பி வந்துடுங்க

அஞ்சு லட்சத்து எண்பதாயிரம். ரெண்டு வெண்டிங் மெஷின், அத வைக்க ரெண்டு இடம், எல்லாம் சேர்த்து நான் குடுத்தது. இன்னைக்கு ஒரு மெஷின் ஒரு ஆபீஸ் பின்பக்க வராந்தாவுல செத்துக் கிடக்கு, இன்னொன்ன எடுத்துட்டுப் போயிடுங்கன்னு இடத்துக்காரங்க காலைலதான் போன் பண்ணாங்க. கை நடுங்குது, எழுத்துப்பிழை இருந்தா கண்டுக்காதீங்க. மெஷின் எப்படிப் பாத்து வாங்கணும், இடம் எப்படி எடை போடணும்னு கடைசில விவரமா எழுதறேன், முதல்ல நடந்தத கொட்டிடறேன்.

பேரு போடக்கூடாதுன்னு தெரிஞ்ச வக்கீல் ஒருத்தர் சொல்லிட்டார், அதனால போடல. வெளிநாட்டுல இருந்து பழைய மெஷின் இறக்கி பெயின்ட் அடிச்சு "ரீஃபர்பிஷ்டு"ன்னு விக்கிற ஏஜென்சி. மெஷின் தருவாங்க, இடம் பிடிச்சுத் தருவாங்க, சர்வீஸ் பண்ணுவாங்க, நீங்க சரக்கு போட்டு காசு எடுத்தா போதும், தூங்கும்போதும் வருமானம்னு விளம்பரம்.

நம்ப வச்ச விதம் இருக்கே, அதை நினைச்சாதான் வயிறு எரியுது. ஷோரூம்ல பளபளன்னு ஒரு மெஷின், ஏஜென்சி ஆள் காசைப் போடச் சொன்னான், பட்டனை அழுத்தினேன், ஜில்லுனு பாட்டில் விழுந்துச்சு. அப்புறம் அவன் போன்ல ஒரு ஆப்பைத் திறந்து, இன்னொரு கஸ்டமரோட மெஷின்ல அந்த நிமிஷம் விக்கிற சேல்ஸ் ஒவ்வொண்ணா ஏறுறதைக் காட்டினான். ஜப்பான்ல 40 லட்சம் மெஷின் இருக்கு, நம்ம பக்கம் இப்பதான் ஆரம்பம்னு ஒரு கணக்கு வேற. (அங்க இருக்கறதுல பாதிக்கு மேல பான மெஷின், அதுல பெரும்பாலானத குளிர்பானக் கம்பெனிங்களே வச்சு நடத்துது, தனியாளு முதல் போட்டு வைக்கறது அங்க பெரிய பங்கு இல்லன்னு இப்பதான் படிச்சேன்.) நான் அட்வான்ஸ் எடுத்து நீட்டினா வாங்கல. "அவசரமே இல்ல சார், வீட்டுல கலந்து பேசிட்டு வாங்க"ன்னான். எங்கப்பாகிட்ட போன்ல, "ஐயா, உங்க பையன் மாதிரி நினைச்சுக்கோங்க, மெஷின் நின்னா நான் ராத்திரி ரெண்டு மணிக்கும் வருவேன்"ன்னான். அப்பா ரிட்டயர்மென்ட் பணத்துல இருந்துதான் பாதி போட்டார். அந்த அட்வான்ஸ் வாங்காத ஒரு விஷயத்துலயே நாங்க விழுந்துட்டோம், எவ்வளவு பழகின தொழில் பாருங்க அவனுக்கு.

மெஷின் வந்துச்சு. ஒரு வாரம் கூட ஒழுங்கா ஓடல. நோட்டு வாங்குற பாகம் புது டிசைன் நோட்டைத் துப்புது, ஏன்னா அதுக்குள்ள இருக்கிற சாஃப்ட்வேரை யாரும் அப்டேட்டே பண்ணல. கார்டு, க்யூஆர் எல்லாம் ஏத்துக்கும்னு சொன்னான், ஆனா ரீடர் மாட்ட போர்டுல (மெஷினை இயக்குற சர்க்யூட்) எம்டிபி இணைப்பு, அதாவது போர்டும் காசு வாங்குற கருவிகளும் பேசிக்கிற பொதுவான இணைப்பு, ஒழுங்கா இருக்கணும், இந்தப் போர்டு ரீடரோட பேசவே மாட்டேங்குது, அந்த மாடல் போர்டு தயாரிக்கறதையே நிறுத்தி பல வருஷம் ஆச்சாம், இதைச் சொன்னது அவன் இல்ல, வெளியில பிடிச்ச ஒரு மெக்கானிக். பொருளை முன்னாடி தள்ளுற ஸ்பைரல் கம்பியோட இடைவெளி நான் போடுற சிப்ஸ் பாக்கெட்டுக்குப் பொருந்தல, பாக்கெட் பாதியில தொங்கும். பொருள் விழுந்துச்சான்னு பாக்குற சென்சார் இருந்தா விழாதப்ப காசைத் திருப்பிக் குடுக்கும் இல்ல இன்னொரு சுத்து சுத்தும், இதுல சென்சாரே கிடையாது, காசை முழுங்கிட்டு சும்மா நிக்கும். ஜனங்க கோவத்துல மெஷினைப் பிடிச்சு ஆட்டறாங்க. சரக்கு இல்லாமலே 300 கிலோ பக்கம் இருக்கும், யார் மேலயாவது சாஞ்சா யார் பதில் சொல்றது?

இடம் அதைவிட மோசம். "500 பேர் வேலை பாக்குற ஆபீஸ்"ன்னு தலைக்கு இவ்வளவுன்னு கணக்குப் போட்டு பேப்பர்ல எழுதிக் காட்டினான். 500 பேர் இருக்காங்க, பொய் இல்ல. அதுல முக்கால்வாசி ஃபீல்டு ஆளுங்க, காலைல கைரேகை வச்சுட்டுக் கிளம்பிடுவாங்க. மிச்சம் இருக்கறவங்களுக்கு கேன்டீன்ல டீ இலவசம். மெஷின் வச்ச வராந்தா சாயங்காலம் ஆனா பூட்டிடுவாங்க. செக்யூரிட்டி ராத்திரி மெயின் ஸ்விட்சை அணைச்சுட்டுப் போயிடுவார், காலைல பாட்டில் எல்லாம் வெந்நீர், சாக்லேட் எல்லாம் கூழ். இன்னொரு இடம் ஹாஸ்டல், லீவு விட்டா ஈ காக்கா கிடையாது. ரெண்டு இடத்துக்கும் கையில இருக்கறது "மெஷின் வைக்க ஆட்சேபணை இல்லை"ன்னு ஒரு லெட்டர், எவ்வளவு காலம்னு இல்ல, வேற யாரும் வைக்கக்கூடாதுன்னு இல்ல, கரன்ட் யார் பொறுப்புன்னு இல்ல.

கமிஷன் கதையும் கேளுங்க. இடத்துக்காரங்களுக்கு 20 சதவீதம்னதும் லாபத்துலன்னு நினைச்சோம், அது மொத்த விற்பனையில. 100க்கு வித்தா சரக்குக்கே 60 போகுது, இடத்துக்காரங்களுக்கு 20, மிச்சம் 20ல வண்டி பெட்ரோல், காலாவதியான சரக்கு, ரிப்பேர். அவன் எழுதிக் காட்டின பேப்பர்ல வித்ததுல பாதி எனக்கு லாபம்!

சரி, போன் பண்ணலாம்னா. முதல்ல "டெக்னீஷியன் வெளியூர் போயிருக்கார் சார்". அப்புறம் "பார்ட் ஆர்டர் போட்டாச்சு சார், கப்பல்ல வருது". அப்புறம் "டிக்கெட் நம்பர் சொல்லுங்க". டிக்கெட் நம்பர் சொன்னா அது க்ளோஸ் ஆயிடுச்சாம், யார் க்ளோஸ் பண்ணதுன்னு யாருக்கும் தெரியல. வாரன்டின்னு கேட்டா கம்ப்ரஸருக்கு மட்டும்தானாம், மத்ததெல்லாம் "கன்ஸ்யூமபிள்", அதாவது தேஞ்சு தீர்ந்து போற சாமானாம். போர்டு எப்படிய்யா கன்ஸ்யூமபிள் ஆகும்? இடம் சரியில்ல, மாத்திக் குடுங்கன்னா, இடம் பிடிச்சது வேற பார்ட்டி, எங்களுக்கு சம்பந்தம் இல்ல, மாத்தணும்னா தனி சார்ஜ்னு மெசேஜ். ராத்திரி ரெண்டு மணிக்கும் வருவேன்னவன் பகல் ரெண்டு மணிக்கு போன் எடுக்க மாட்டேங்கறான். எங்கப்பா பண்ணினா கட் பண்றான். பில்லை எடுத்துப் பாத்தா "மெஷின் மற்றும் சேவை"ன்னு ஒரே வரி, சீரியல் நம்பர் கூட இல்ல, தயாரிச்ச வருஷமும் இல்ல. அந்த ஒத்த வரிக்கு அஞ்சு லட்சத்து எண்பதாயிரம்.

அமெரிக்காவுல இப்படி பிசினஸ் வாய்ப்பு விக்கறவங்களுக்கு 2012ல இருந்து ஒரு விதி அமல்ல இருக்கு. பணம் வாங்க குறைஞ்சது 7 நாள் முன்னாடியே விவரத்தாள் குடுக்கணும், இவ்வளவு சம்பாதிக்கலாம்னு வாய் விட்டா அதுக்கு எழுத்துல ஆதாரம் வேணும், ஏற்கனவே வாங்கினவங்க விவரமும் தரணும். இவன்கிட்ட மூணையும் கேட்டிருந்தா என்ன பண்ணியிருப்பான்னு யோசிச்சுப் பாக்கறேன்.

விவரமா எழுதறேன்னு சொன்னேன், இப்ப மெஷின் எடுக்க வண்டி பேசணும், நேரம் இல்ல. சுருக்கமா: மெஷினை ஒருத்தன்கிட்டயும் இடத்தை நீங்களேயும் பாருங்க, ரெண்டையும் ஒரே ஆள்கிட்ட விடவே விடாதீங்க. போர்டு மாடல் நம்பரை வாங்கி பார்ட் கிடைக்குதான்னு வெளியில ஒரு மெக்கானிக்கைக் கேளுங்க. நீங்க விக்கப்போற சரக்கையே கொண்டு போய் ஒவ்வொரு வரிசையிலயும் போட்டு விழ வைங்க, அவன் வச்சிருக்கிற பாட்டிலை நம்பாதீங்க. இடத்துக்கு மத்தியானமும் ராத்திரியும் போய் நின்னு யார் நடமாடறாங்கன்னு பாருங்க, வாசல் அகலத்தை அளங்க, ராத்திரி கரன்ட் இருக்குமான்னு செக்யூரிட்டியைக் கேளுங்க, மேனேஜரைக் கேக்காதீங்க. கமிஷன் எதுலன்னு எழுத்துல வாங்குங்க.

நேத்து நான் ஒத்த ஸ்டார் ரிவ்யூ போட்டதும் ஒரு மணி நேரத்துல கால் வந்துச்சு, இத்தனை நாள் காணாமப் போன அதே ஆள்தான், ரிவ்யூவ எடுத்தா போர்டை பாதி விலைக்குத் தர்றானாம். தயாரிப்பே நின்ன போர்டு இப்ப மட்டும் எங்கிருந்து வருது? எடுக்க மாட்டேன்னுட்டேன். பழைய கண்ணாடி முகப்பு மெஷினுக்கு வேற கம்பெனி போர்டு மாத்திப் போட்டு ஓட்டறவங்க யாராவது இருந்தா சொல்லுங்க, உடனே பேசறேன்.