28 வகைச் சத்துமாவு: ஒரே உறை, ஒரே வீடு, வெவ்வேறு வயது

ஏழு மாதக் கைக்குழந்தையோடு என் தங்கை திருவானைக்காவலில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்து தங்கிய மறுவாரம், கடைத்தெருவில் உள்ள ஓர் இயற்கை அங்காடியில் அந்தச் சத்துமாவு உறையைப் பார்த்தேன். ‘28 வகைத் தானியங்கள், பயறுகள், கொட்டைகள், ஆறு மாதக் குழந்தை முதல் அறுபதைத் தாண்டிய பெரியவர் வரை’ என்று பெரிய எழுத்தில் அச்சிட்டு, கீழே சிரிக்கும் குழந்தை ஒன்றையும் கைத்தடி ஊன்றிய தாத்தா ஒருவரையும் படமாகப் போட்டிருந்தார்கள். அரைக் கிலோ 280 ரூபாய். வீட்டில் 71 வயது அம்மா, 46 வயது நான், ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் மகள், பாலூட்டும் தங்கை, அவள் குழந்தை என ஐந்து பேருக்கும் ஒரே பாத்திரத்தில் காலை வேலை முடிந்துவிடும் என்ற ஆசையில் வாங்கினேன். மூன்று மாதத்தில் ஆறு உறைகள் காலியாயின. தயாரித்த நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. கடைகளில் இதே வாசகத்தோடு வரும் பல மாவுகளுக்கும் நான் சொல்லப்போவது பொருந்தும்.

மாவின் தரத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். வறுப்புப் பதம் நன்றாக இருந்தது; கருகல் இல்லை, பச்சை வாடையும் இல்லை. தண்ணீரில் கரைத்தபோது கட்டி தட்டவில்லை. ஏலக்காய் மணம் சற்றுத் தூக்கலாக இருந்தாலும், பழைய மாவை மணத்தால் மறைக்கும் தந்திரமாக அது தோன்றவில்லை. ஆனால் 28 என்ற எண்ணில்தான் சிறிது வித்தை இருக்கிறது. உறையில் உட்பொருள்களை எடை அதிகமானதிலிருந்து குறைவானது நோக்கி வரிசைப்படுத்த வேண்டும் என்பது நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதி. அந்த வரிசையில் முதலில் நின்றவை கோதுமை, புழுங்கலரிசி, கேழ்வரகு, பொட்டுக்கடலை ஆகிய நான்கும். முன்பக்கத்தில் கொட்டிக் கிடப்பதாகப் படம் போட்ட பாதாமும் முந்திரியும் கடைசியில் சுக்குக்கு ஒரு படி மேலே நின்றன. சுக்கு எவ்வளவு போடுவார்கள் என்பது சமையல் தெரிந்த எவருக்கும் தெரியும். நூறு கிராமுக்கு ஆற்றல் 381 கிலோ கலோரி, புரதம் 12 கிராம், மாவுச்சத்து 72 கிராம் என்று அட்டவணை கூறியது. அவர்கள் சொல்லும் ஒருவேளை அளவு இரண்டு மேசைக்கரண்டி, அதாவது சுமார் 25 கிராம். அதில் கிடைக்கும் புரதம் 3 கிராம். ஒரு கோழிமுட்டையில் இருப்பதில் ஏறக்குறையப் பாதி. இது நல்ல தானிய மாவு, அவ்வளவே. புரதமாவு என்று எண்ணிக்கொண்டு எவரும் குடிக்க வேண்டியதில்லை.

‘தினமும் இருவேளை இரண்டு மேசைக்கரண்டி, பாலில் காய்ச்சி வெல்லம் சேர்த்து’ என்ற ஒரே செய்முறையைத்தான் எல்லா வயதினருக்கும் அச்சிட்டிருந்தார்கள். அங்கன்வாடிகளுக்குக்கூட 2009-இல் வகுத்த அளவுகளில், குழந்தைக்கு நாளொன்றுக்கு 500 கிலோ கலோரியும் 12 முதல் 15 கிராம் புரதமும், கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் 600 கிலோ கலோரியும் 18 முதல் 20 கிராம் புரதமும் என்று பிரித்தே வைத்தார்கள். ஓர் அரசுத் திட்டம் பார்த்த வேறுபாட்டை 280 ரூபாய் உறை பார்க்கவில்லை.

குழந்தையிடம்தான் இந்த மாவு முதலில் தோற்றது. மூன்றாம் நாள் வாயைச் சுற்றிச் சிவந்த தடிப்பு வந்தது. குழந்தைநல மருத்துவர், “புதிதாக என்ன கொடுத்தீர்கள்?” என்று கேட்டார். உறையை நீட்டினோம். அவர் வரிசையைப் படித்துவிட்டு, “இதில் எது என்று நான் எப்படிச் சொல்வேன்?” என்றார். இணை உணவு தொடங்கும்போது ஒரு நேரத்தில் ஒரு புதுப் பொருளை மட்டும் கொடுத்து, இரண்டு மூன்று நாள் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போவதன் காரணம் இதுதான். கோதுமை, நிலக்கடலை, முந்திரி, சோயா என்று ஒவ்வாமைக்குப் பேர்பெற்ற நான்கும் ஒரே கரண்டியில் இருந்தால் குற்றவாளியைக் கண்டுபிடிக்க வழியே இல்லை. பிறகு குழைத்த அரிசி பருப்பு, கேழ்வரகுக் கூழ், மசித்த பூசணி, முட்டை என ஒவ்வொன்றாகக் கொடுத்தோம், தடிப்பு திரும்பவில்லை. முந்திரியை மட்டும் அவர் சொன்னபடி தள்ளி வைத்திருக்கிறோம். செய்முறையிலும் பிழை இருந்தது. ஒரு வயதுக்குள் பசும்பாலைத் தாய்ப்பாலுக்கு மாற்றாகக் கொடுக்கக் கூடாது. வெல்லமும் இந்த வயதில் தேவையில்லை. உறையின் ஓரத்தில் ‘தேன் சேர்த்தும் தரலாம்’ என்று எழுதியிருந்ததுதான் என்னைக் கோபப்படுத்தியது. ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் கொடுக்கவே கூடாது. தேனில் இருக்கக்கூடிய பாக்டீரியா வித்துகள் அந்த இளங்குடலில் முளைத்து, நரம்பைத் தாக்கும் நஞ்சை உண்டாக்கிவிடும். ஆறு மாதக் குழந்தைக்கு என்று விற்கும் பொருளில் இந்த வரி இருப்பதை என்னால் அச்சுப்பிழையாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

இன்னொன்றையும் கவனித்தேன். இந்த மாவில் எந்தத் தானியமும் முளைகட்டியது அன்று. வெறும் வறுத்த மாவைக் காய்ச்சினால் சீக்கிரம் கெட்டியாகிவிடும். குழந்தை விழுங்கட்டும் என்று தண்ணீரை ஊற்ற ஊற்ற, சின்ன வயிறு நிறைந்துவிடும், உள்ளே போன மாவோ கொஞ்சமாகவே இருக்கும். கேழ்வரகை முளைகட்டி உலர்த்தி அரைத்தால், முளைக்கும்போது உண்டாகும் நொதி மாவுச்சத்தை உடைத்துக் கூழை இளக்கிவிடும். அதே இளக்கத்துக்கு இன்னும் ஒரு கரண்டி மாவு கூடுதலாகப் போடலாம். தானியத்திலுள்ள இரும்புச்சத்தை உடல் ஈர்க்கவிடாமல் பிடித்துவைக்கும் பைட்டிக் அமிலமும் முளைகட்டும்போது குறைகிறது. எங்கள் பாட்டி இந்த வேதியியல் எதுவும் தெரியாமலேயே கேழ்வரகைத் துணியில் கட்டி மூலையில் தொங்கவிட்டிருப்பார்.

இந்த மாவு மிகச் சிறப்பாகப் பொருந்தியவள் உறைப்படத்தில் இடம்பெறாத என் தங்கைதான். முதல் ஆறு மாதம் பாலூட்டும் தாய்க்கு நாளொன்றுக்கு 600 கிலோ கலோரியும் அடுத்த ஆறு மாதம் 520 கிலோ கலோரியும் கூடுதலாக வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பரிந்துரை சொல்கிறது. இரவில் நான்கு முறை எழுந்து, காலையில் குழந்தை தூங்கும் இருபது நிமிடத்தில் குளித்துச் சாப்பிட்டு முடிக்க வேண்டிய ஒருத்திக்கு அந்தக் கூடுதல் எங்கிருந்து வரும்? பாலில் காய்ச்சிய கெட்டிக் கஞ்சி, மேலே ஒரு பிடி வறுத்த நிலக்கடலை, ஒரு வாழைப்பழம் என்று காலை பத்துக்கும் மாலை நான்குக்கும் அவள் எடுத்துக்கொண்டாள். முழு உணவுக்கு நடுவே வந்த கூடுதல் உணவாக அது இருந்ததால் பயன்பட்டது. இந்த ஒரு வேலைக்காகவே இதை மீண்டும் வாங்குவேன்.

மகளுக்கு நேர்ந்தது வேறு. பள்ளி வேன் ஏழேகாலுக்கு வரும். ஒரு டம்ளர் கஞ்சியைக் குடித்துவிட்டு ஓடுவாள். ‘சத்துமாவு குடித்தாயிற்று’ என்ற நிம்மதி எனக்கு. பத்து மணிக்குப் பசி வந்து பள்ளி உணவகத்தில் பப்ஸ் வாங்குகிறாள் என்பது மூன்றாவது வாரம்தான் தெரிந்தது. பதின்மூன்று முதல் பதினைந்து வயதுப் பெண்ணுக்கு நாளொன்றுக்கு 30 மில்லிகிராம் இரும்புச்சத்து வேண்டும். இந்த மாவின் அட்டவணைப்படி ஒருவேளை அளவில் கிடைப்பது ஒன்றரை மில்லிகிராம்கூட இல்லை. 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருந்தது. இந்த நிலைமையில் உறையை நம்பிக் காலை உணவை விட்டுவிடுவது பெற்றோர் செய்யும் தவறு, நான் செய்தேன். இப்போது அவளுக்கு இட்லியோ முட்டைத் தோசையோ காலையில் கட்டாயம். சத்துமாவு, மாலையில் முருங்கைக்கீரை போட்ட அடையாக வருகிறது, பக்கத்தில் எலுமிச்சைச் சாறோடு; எலுமிச்சையிலுள்ள வைட்டமின் சி கீரை, தானியத்திலுள்ள இரும்புச்சத்து உடலில் சேர உதவும். அடையோடு தேநீர் கேட்டால் ஒரு மணி நேரம் கழித்துத்தான் கிடைக்கும். அந்தச் சண்டை இன்னும் தீரவில்லை.

என்னைப் பற்றி எழுத அதிகம் இல்லை. நான்கு இட்லிக்கு மேல் ‘உடம்புக்கு நல்லது’ என்று ஒரு டம்ளர் கஞ்சியும் குடித்தேன். இரண்டு மாதத்தில் ஒன்றரைக் கிலோ கூடினேன். மாவின் மேல் குற்றமில்லை.

அம்மாவிடம் இந்த மாவு இன்னும் பெரிய ஏமாற்றத்தைத் தந்தது. அவருக்குப் பன்னிரண்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். பல்செட் கட்டியவர் என்பதால் கஞ்சி என்றதும் மகிழ்ந்தார். சிறுதானியம் இருந்தால் சர்க்கரை ஏறாது என்று அக்கம்பக்கத்தில் எல்லோரும் நம்புவதுபோல அவரும் நம்பினார். வெல்லமே சேர்க்காத கஞ்சி குடித்து இரண்டு மணி நேரம் கழித்து வீட்டுக் கருவியில் பார்த்தபோது 232 காட்டியது. அடுத்த வாரம் அதே எடை மாவை வெங்காயம், கீரை சேர்த்து அடையாக வார்த்து, ஒரு கிண்ணம் பச்சைப்பயறுச் சுண்டலோடு கொடுத்தபோது 178. ஒருவரின் இரண்டு அளவீடுகள் ஆராய்ச்சி ஆகிவிடாது என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் காரணம் விளங்காத ஒன்று அன்று. எந்தத் தானியத்தையும் நைசாக அரைத்துத் தண்ணீரில் வேகவைத்துக் குடித்தால், மெல்லும் வேலையும் இல்லை, செரிக்கும் தாமதமும் இல்லை. மாவுச்சத்து விரைவில் குருதிச் சர்க்கரையாகிவிடும்.

அதைவிட என்னைக் கவலைப்படுத்தியது இரவு உணவு. ‘கஞ்சி போதும்’ என்று அவர் சாப்பாட்டையே நிறுத்தியிருந்தார். வயதாக ஆகத் தசை கரைகிறது; அதைத் தடுக்க முதியவர்கள் உடல் எடையில் கிலோவுக்கு ஒரு கிராமாவது புரதம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது மருத்துவர்கள் பலரின் அறிவுரை. 52 கிலோ எடையுள்ள அம்மாவுக்கு நாளொன்றுக்கு 52 கிராம் வேண்டியிருக்க, இரவில் அவருக்குக் கிடைத்தது 3 கிராம். இப்போது இரவில் இரண்டு இட்லி, கெட்டிப் பருப்புச் சாம்பார், அவித்த முட்டை, ஒரு கிண்ணம் தயிர். பல்செட்டுக்கு இவை எதுவும் தடையாக இல்லை. சிறுநீரகக் கோளாறு உள்ள முதியவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் பயறையும் புரதத்தையும் கூட்டக் கூடாது.

உறையில் ஆறு மாதக் கெடு எழுதியிருந்தாலும், திறந்த ஐந்தாவது வாரத்தில் ஓர் உறையில் காறல் வாடை வந்துவிட்டது. நிலக்கடலையும் கொட்டைகளும் அரைபட்டுக் காற்றில் கிடந்தால் அப்படித்தான் ஆகும். அரைக் கிலோவுக்குப் பதில் கால் கிலோ உறை விற்பதே நியாயம். ஒப்பிட்டுப் பார்க்க, மகளிர் சுயஉதவிக் குழுவினர் சந்தையில் விற்ற பதினோரு பொருள் மாவையும் வாங்கினேன். முளைகட்டிய கேழ்வரகு வரிசையில் முதலாவதாக இருந்தது, விலை அரைக் கிலோ 160 ரூபாய், அரைப்பு மட்டும் சற்றுக் கொரகொரப்பு. தங்கைக்கு இனி அதுதான். வீட்டில் நாங்களே வறுத்து மில்லில் கொடுத்த மாவு விலையில் எல்லாவற்றையும் வென்றது. ஆனால் எங்களுக்கு முன்னால் யாரோ மிளகாய் அரைத்திருக்க, குழந்தைக்காகச் சுமந்துபோன அந்த இரண்டு கிலோவும் காரக் கொழுக்கட்டையாகத்தான் முடிந்தது.