புரொசெக்கோ விருந்து என்று 260 யூரோ பிடுங்கிவிட்டார்கள், முன்பணம் கட்டுவதற்கு முன் படியுங்கள்

ஞாயிற்றுக்கிழமை மதியம் நடந்தது. இன்று செவ்வாய், இன்னும் வயிறு எரிகிறது. இரண்டு பேருக்கு 260 யூரோ. எப்படித் தப்பிப்பது என்று கடைசியில் விரிவாகச் சொல்கிறேன், முதலில் நடந்ததைக் கேளுங்கள்.

எங்கள் பத்தாவது திருமண நாளுக்காக மியூனிக்கிலிருந்து காரில் இத்தாலியின் வெனெட்டோவுக்குப் போனோம். கொனெல்யானோ, வால்தோபியாதெனே ஊர்களைச் சுற்றியுள்ள குன்றுகள்தான் புரொசெக்கோ என்ற குமிழி ஒயினின் தாய்வீடு. 2019இல் யுனெஸ்கோ பட்டியலிலும் சேர்ந்துவிட்டன. அங்கே ஒயின் சுவைக்கும் கூடம் ஒன்று, ஒரு சுற்றுலா முன்பதிவுத் தளத்தில் "கார்டித்ஸே ஒயின், அதற்கேற்ற ஐந்து உணவுகள்" என்று போட்டிருந்தது. கார்டித்ஸே என்பது மொத்தமே 107 ஹெக்டேர் அளவுள்ள சரிவு. புரொசெக்கோவில் அதற்கு மேல் இல்லை என்பார்கள். அதனால் தலைக்கு 130 யூரோ என்றபோதும் தயங்காமல் முழுப்பணத்தையும் கட்டினேன்.

போனதும் கூடத்தில் இருந்த மனிதர் பாட்டிலை என் கையிலேயே கொடுத்தார். கழுத்தில் அரசு ஒட்டுச்சீட்டு, அதில் வரிசை எண், எல்லாம் சரியாக இருந்தது. போட்டோகூட எடுத்தேன். "இன்னும் கொஞ்சம் குளிரட்டும், 6 டிகிரிக்காவது வரணும்" என்று சொல்லி உள்ளே எடுத்துப் போனார். 6 முதல் 8 டிகிரியில் குடிப்பதுதான் முறை. அந்த ஒரு வார்த்தையில் நம்பிவிட்டேன். "விஷயம் தெரிஞ்சவருங்க" என்று கணவரிடம் சொன்னதும் நான்தான்.

திரும்பி வந்தது கண்ணாடிக் குடுவை. கார்க் திறக்கும் சத்தம்கூடக் கேட்கவில்லை. கேட்டால், "இங்கே இப்படித்தான் பரிமாறுவோம்." கார்டித்ஸே வழக்கமாக 'டிரை' வகை, லிட்டருக்கு 17 முதல் 32 கிராம் சர்க்கரை, நாக்கில் மெல்லிய இனிப்பு நிற்க வேண்டும். இது வெறும் புளிப்பு, கடைசியில் கசப்பு. இரண்டு நிமிஷத்தில் குமிழே இல்லை.

சாப்பாடு? வெங்காயம், வினிகர், உலர்திராட்சை, பைன் கொட்டையில் ஊறிய மத்தி மீன் என்று விளம்பரத்தில் இருந்தது. ஆலிவ் எண்ணெய் விட்டு வெண்ணெய்போல் அடித்த காட் கருவாடு என்றும் இருந்தது. வந்தது பாக்கெட் பிஸ்கட் குச்சி, ஆலிவ், ஆளுக்கு இரண்டு துண்டு பன்றித்தொடை இறைச்சி. அவ்வளவுதான். 260 யூரோ!

அன்று மாலை ட்ரெவிஸோவில் ஒரு சின்னக் கடை. கண் முன்னாலேயே பாட்டிலைத் திறந்து, இனிப்புக் குறைந்த ப்ரூட் வகைப் புரொசெக்கோ ஊற்றினார்கள், கூடவே ரொட்டியில் தடவிய அதே கருவாடு. எண்ணெய் கனத்தை அந்தக் குமிழும் புளிப்பும் அப்படியே வழித்து எடுத்தன. மத்தி மீனின் புளி இனிப்புக்கு எக்ஸ்ட்ரா டிரை வகை கொடுத்தார்கள். அதற்காகத்தானே இவ்வளவு தூரம் போனோம்! இருவருக்கும் சேர்த்து 30 யூரோகூட ஆகவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

கூடத்துக்குப் போன் போட்டால், "பணம் தளத்துக்குத்தானே கட்டினீங்க, அங்கே கேளுங்க." தளத்தில் கேட்டால், நீங்கள் நிகழ்ச்சிக்கு வந்துவிட்டதாகப் பதிவாகியிருக்கிறது, பணம் திரும்பாது. போட்டோவை அனுப்பினேன். அதில் கார்டித்ஸே பாட்டில்தானே இருக்கிறது என்கிறார்கள்! மூன்றாவது மெயிலுக்கு, அடுத்த முன்பதிவில் 10 சதவீதம் தள்ளுபடி என்று கூப்பன் வந்தது. 260 யூரோவைத் தொலைத்தவளுக்குக் கூப்பன்.

விரிவாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. பாட்டிலை உங்கள் மேசையில் திறக்கச் சொல்லுங்கள். உள்ளே கொண்டுபோக விடாதீர்கள். பீப்பாய்க் குழாயிலிருந்து பிடித்து ஊற்றுவதைப் புரொசெக்கோ என்ற பெயரில் விற்க சட்டமே இடம் தரவில்லை, குடுவையைப் பார்த்தால் எழுந்துவிடுங்கள். முழுப்பணம் முன்னாடியே கட்டாதீர்கள். அப்புறம், எக்ஸ்ட்ரா டிரை என்றால் ப்ரூட்டைவிட இனிப்பு, பெயரைப் பார்த்துக் குழம்பாதீர்கள்.

கார்டு கொடுத்த வங்கிக்கு இன்று காலை எழுதியிருக்கிறேன். 260 யூரோ திரும்பி வந்தால் இங்கேயே சொல்கிறேன்.