ஃபேன்டசி லீக்: மே மாதம் வரை ஆளைப் பிடித்து வைப்பது எது?

நிஜ ஆட்டக்காரர்களைக் கொண்டு கற்பனை அணி அமைத்து, அவர்கள் களத்தில் ஆடுவதற்கேற்பப் புள்ளி சேர்ப்பதுதான் ஃபேன்டசி ஆட்டம். ஆகஸ்டில் ஃபேன்டசி அணி அமைப்பதில் யாருக்கும் ஊக்கம் குறைவதில்லை. தீபாவளி முடிந்து, பள்ளி விடுமுறை தொடங்கி, குடும்பங்கள் ஊருக்குக் கிளம்பும் நாள்களில்தான் அது தேயத் தொடங்குகிறது. பொங்கலுக்குள் பாதிப் பேரின் அணிகளில், எப்போதோ காயம்பட்டு வெளியேறிய தற்காப்பு ஆட்டக்காரர் அப்படியே உட்கார்ந்திருப்பார். ஆகவே, எந்த ஆட்டம் நுட்பமானது என்று இங்கே கேட்கப்போவதில்லை. வேலையும் குடும்பமும் இரவுப் பணியும் உள்ள எட்டு, பத்துப் பேரைக் கடைசி வாரம் வரை விலகிப்போகாமல் வைத்திருப்பது எது என்பதே கேள்வி.

இதற்கு என்னிடம் உள்ள அளவுகோல் சற்று விசித்திரமானது. எங்கள் வாட்ஸ்அப் குழுவில் வாரந்தோறும் ஆட்டக் குறிப்பு எழுதுவது என் பொறுப்பு. எழுத விஷயம் இருக்கும் வாரங்களில் குழுவே சண்டைக்கு வரும். நள்ளிரவில்கூடப் பதில் வரும். எழுத ஒன்றுமில்லாத வாரங்கள் தொடர்ந்தால், அடுத்த மாதம் இருவராவது அணியைத் தொடுவதையே நிறுத்தியிருப்பார்கள். எழுதுபவனின் ஊக்கமும் ஆடுபவரின் ஊக்கமும் ஒன்றாகவே ஏறி இறங்குவதால், எந்த ஆட்டம் குறிப்புக்குத் தீனி போடுகிறதோ அதுவே குழுவையும் காப்பாற்றுகிறது என்று சொல்லத் துணிகிறேன். சிங்கப்பூர்த் தமிழர் வட்டங்களில் நான் அதிகம் காண்பவை மூன்று: இங்கிலாந்துக் காற்பந்தின் பிரிமியர் லீக்கை வைத்து ஆடும் வழக்கமான எஃப்பிஎல் (ஃபேன்டசி பிரிமியர் லீக்), அதன் டிராஃப்ட் வடிவம், ஐபிஎல் ஃபேன்டசி.

வழக்கமான எஃப்பிஎல் பெரும்பாலோருக்குத் தெரிந்ததுதான். 100 மில்லியன் பவுண்டு கற்பனைப் பணத்தில், ஒரே காற்பந்துக் குழுவிலிருந்து மூவருக்கு மேல் எடுக்காமல், 15 பேர் கொண்ட அணியை அமைத்து 38 வாரங்கள் நடத்த வேண்டும். அணித்தலைவருக்கு இரட்டைப் புள்ளி உண்டு. வாரத்துக்கு ஒரு மாற்றம் இலவசம், அதற்கு மேல் ஒவ்வொன்றுக்கும் நான்கு புள்ளிகள் கழியும். 2024/25 பருவம் முதல், பயன்படுத்தாத மாற்றங்களை ஐந்து வரை சேர்த்து வைக்கலாம். 2025/26இல் வைல்ட்கார்டு முதலிய, ஒரு வாரத்துக்குத் தனிச் சலுகை தரும் நான்கு சிப்புகளும் பருவத்தின் ஒவ்வொரு பாதிக்கும் ஒன்றாக இருமுறை கிடைக்கத் தொடங்கின. அதே பருவத்தில், பந்தை வெளியேற்றுவது, தடுப்பது, இடைமறிப்பது, பறிப்பது ஆகியவற்றில் பத்தை எட்டும் தற்காப்பு ஆட்டக்காரருக்கு இரண்டு புள்ளிகள் தரும் விதியும் வந்தது. கோலே போடாமல் தலையால் முட்டிக்கொண்டே இருக்கும் ஆட்டக்காரர்களுக்கு இப்படியாவது ஒரு மரியாதை கிடைத்ததில் எனக்கு மகிழ்ச்சி.

இதன் பெரிய பலம், யாரும் யாரையும் நம்பி இருக்க வேண்டியதில்லை என்பது. அலுவலகத்தில் நாற்பது பேர் சேரலாம், அக்டோபரில் ஒருவர் புதிதாக வரலாம், ஜனவரியில் ஐவர் காணாமல் போகலாம். மற்றவர்களுக்கு ஒரு நட்டமும் இல்லை. உலகத் தரவரிசையோடு, நாட்டுக்கென்று ஒரு லீக்கிலும் கணக்கு தானாகவே சேர்ந்துவிடும். அலுவலக லீக்கில் பதினேழாவது இடத்தில் இருப்பவர்கூட, சிங்கப்பூர் அளவில் தம் இடம் ஏறியதைச் சொல்லி மகிழ வழியுண்டு.

ஆனால் குறிப்பு எழுதும் என்னைப் பொறுத்தவரை, இந்த ஆட்டத்தின் நோயும் இங்கேதான் தொடங்குகிறது. எந்த ஆட்டக்காரரையும் எவரும் வாங்கலாம் என்பதால், விவரம் தெரிந்தவர்களின் அணிகள் எல்லாம் நவம்பருக்குள் ஒரே முகமாகிவிடுகின்றன. 2024/25 பருவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முகமது சாலா 29 கோல்களும் 18 கோல் உதவிகளும் செய்து, 344 ஃபேன்டசி புள்ளிகள் என்ற சாதனையைப் படைத்தார். பார்க்க அது அற்புதமான பருவம்; எழுத அது வறண்ட பருவம். மத்தியத் திடல் ஆட்டக்காரராக வகைப்படுத்தப்பட்ட அவருடைய ஒரு கோலுக்கு ஐந்து புள்ளிகள், அணித்தலைவர் என்றால் பத்து. எல்லாரும் அவரையே அணித்தலைவராக்கியிருக்க, அந்தப் பத்தும் எல்லாரிடமும் சமமாக விழுந்து, பட்டியலில் ஓர் எண்ணும் அசையாது. எவரிடம் எவர் இல்லை என்பதைத் தேடிப் பிடித்து, மாற்று ஆட்டக்காரர் வரிசையில் முதலில் யாரை வைத்தார் என்ற அற்பக் காரணத்தால் வந்த மூன்று புள்ளி வித்தியாசத்தைப் பற்றி இரண்டு பத்தி எழுத வேண்டியிருக்கும். படிப்பவரும் எத்தனை வாரம்தான் பொறுப்பார்?

நேரச் சிக்கலும் உண்டு. வாரத்தின் முதல் ஆட்டத்துக்கு 90 நிமிடங்களுக்கு முன் கதவு மூடும். இங்கிலாந்தில் சனிக்கிழமை நண்பகல் 12.30க்கு முதல் ஆட்டம் என்றால் நமக்குக் கோடையில் மாலை 6 மணி, குளிர்காலத்தில் 7 மணி. தேக்காவில் சாமான் வாங்கிக்கொண்டே மாற்றத்தை முடித்துவிடலாம். வெள்ளி இரவு எட்டு மணி ஆட்டம் முதலில் வந்தால், கதவு மூடும் நேரம் நம் கடிகாரத்தில் கோடையில் சனி விடியற்காலை 1.30, குளிர்காலத்தில் 2.30 ஆகிவிடும். குளிர்காலத்தில் வாரநடு ஆட்டங்களும் இந்த நேரத்தை ஒட்டியே வரும். அணிப்பட்டியலோ அதற்குப் பிறகுதான் வெளியாகும். கண்விழித்திருந்தாலும் பயனில்லை என்பதால், தூங்கப் போகும்போதே மாற்றத்தைச் செய்துவிட்டு, காலையில் எழுந்து, அணித்தலைவர் மாற்று ஆட்டக்காரராக உட்கார்ந்திருந்த செய்தியைப் படிக்கும் கலையை இங்குள்ளவர்கள் நன்றாகவே பழகியிருக்கிறார்கள்.

டிராஃப்ட் வடிவம் இதே பிரிமியர் லீக்கில்தான் நடக்கிறது, ஆனால் அடிப்படையே வேறு: ஓர் ஆட்டக்காரர் ஒரு லீக்கில் ஒருவருக்கு மட்டுமே சொந்தம். விலை இல்லை, அணித்தலைவர் இல்லை, சிப்பும் இல்லை. வரிசையாக ஒவ்வொருவரும் ஓர் ஆட்டக்காரரை எடுப்பார்கள். ஒவ்வொரு சுற்றிலும் வரிசை தலைகீழாகத் திரும்பும், அதாவது முதல் சுற்றில் கடைசியாக எடுத்தவர் இரண்டாம் சுற்றில் முதலில் எடுப்பார். எட்டுப் பேர் ஆடினால் 120 ஆட்டக்காரர்கள் கைமாறிவிடுவார்கள். எனவே ஹாலண்டையும் சாலாவையும் தெரிந்திருந்தால் போதாது. ஃபுல்ஹம் அணியின் இடப்பக்கத் தற்காப்பு ஆட்டக்காரர் யார், பிரென்ட்ஃபர்டில் பெனால்டி அடிப்பவர் யார் என்றும் தெரிந்திருக்க வேண்டும்.

டிராஃப்ட் நடக்கும் அந்த ஒரு மாலைக்காகவே இதைப் பரிந்துரைப்பேன். எங்கள் வட்டம் ஈசூனில் ஒரு வீவக புளோக்கின் கீழ்த்தளத்தில், கல் மேசையைச் சுற்றி, கைப்பேசிகளும் பொட்டலம் கட்டிய தேநீருமாக உட்காரும். ஒவ்வொரு தேர்வுக்கும் குறித்த நேரம்தான் உண்டு. திரையில் விநாடிகள் ஓடிக்கொண்டிருக்கும். இரண்டாம் சுற்றிலேயே ஒருவர் கோல்காப்பாளரை எடுத்தார். மேசையே சிரித்தது. அவர் கோபத்தில் அடுத்த சுற்றில், அருகிலிருந்தவர் மனத்துக்குள் குறித்து வைத்திருந்த தாக்குதல் ஆட்டக்காரரைப் பறித்துக்கொண்டார். “தம்பி, அது நான் வைத்திருந்த ஆள்” என்ற குரலுக்கு, “அண்ணே, பெயர் எழுதி வைத்திருந்தீர்களா?” என்று பதில் வந்தது. அந்த ஆட்டக்காரர் கோல் போட்ட ஒவ்வொரு வாரமும் என் குறிப்பின் முதல் வரி தானாகவே எழுதிக்கொண்டது. வழக்கமான வடிவத்தில் ஒருவர் கோல் போட்டால் பாதிக் குழு மகிழும், மீதிப் பேர் தோளைக் குலுக்குவார்கள். டிராஃப்டில் ஒருவர் மட்டும் மகிழ, ஏழு பேர் அவரை ஏன் விட்டோம் என்று வயிற்றெரிச்சல் படுவார்கள். அந்த எரிச்சலில்தான் கதை இருக்கிறது.

பருவம் தொடங்கிய பிறகும் அது வற்றுவதில்லை. யாரிடமும் இல்லாத ஆட்டக்காரரை வேண்டுவோர் வெய்வர் என்ற கோரிக்கைப் பட்டியலில் முன்கூட்டியே பதிந்து வைக்க வேண்டும். வாரக் கெடுவுக்கு 24 மணி நேரத்துக்கு முன் அந்தக் கோரிக்கைகள் முன்னுரிமை வரிசைப்படி தீர்க்கப்படும். விழித்திருக்க வேண்டியதில்லை என்பதால், துவாஸில் இரவுப் பணி பார்க்கும் நண்பருக்கும் வீட்டில் தூங்குபவருக்கும் வாய்ப்பு சமம். அணி உரிமையாளர்கள் தங்களுக்குள் பண்டமாற்றும் செய்துகொள்ளலாம். பேரம் பேசுவது நம்மவர்க்குச் சொல்லித் தர வேண்டிய கலையன்று. ஒரு மத்தியத் திடல் ஆட்டக்காரருக்காகத் தனிச்செய்தியில் நான்கு நாள் நடந்த பேரம், கடைசியில் குழுவில் வெளியானபோது கிடைத்த வேடிக்கைக்கு, அந்த வார ஆட்டங்களே ஈடாகவில்லை.

குறை இல்லாமல் இல்லை, அது பெரிய குறையும்கூட. வழக்கமான எஃப்பிஎல்லில் கைவிடப்பட்ட அணி அதன் உரிமையாளருக்கு மட்டுமே கேடு. டிராஃப்டில் அது எல்லாருக்கும் கேடு. ஒருவர் ஆட்டத்தை மறந்துவிட்டால், அவரிடமுள்ள நல்ல ஆட்டக்காரர்கள் யாருக்கும் கிடைக்காமல் பூட்டிக் கிடப்பார்கள். நேருக்கு நேர் மோதும் முறையில் என்றால், அவரை எதிர்கொள்பவருக்கு இலவச வெற்றியும் கிடைக்கும். நடுவில் புதியவர் எவரும் எளிதில் சேரவும் முடியாது. என் மைத்துனர் ஒரு பருவம் பணி நிமித்தம் வெளிநாடு போனபோது, உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் அவருடைய மகள் அணியை எடுத்து நடத்தினாள். “மாமா, அப்பா வைத்திருந்த மூன்று பேருக்கு ஆட வாய்ப்பே வராது, நான் விட்டுவிடுகிறேன்” என்று அறிவித்துவிட்டு, ஏழாவது இடத்திலிருந்த அணியை மூன்றாவது இடத்துக்குக் கொண்டுவந்தாள். எல்லார் வீட்டிலும் இப்படி ஒரு மாற்று ஆட்டக்காரர் இருக்கமாட்டார் என்பதால், மே மாதம் வரை நிற்பார்கள் என்று கைகாட்டக்கூடியவர்களை மட்டுமே டிராஃப்டில் சேர்க்க வேண்டும்.

ஐபிஎல் ஃபேன்டசியின் குணம் முற்றிலும் வேறு. பத்து அணிகள், 74 ஆட்டங்கள், ஏறத்தாழ இரண்டு மாதங்கள். ஊக்கம் குறைவதற்குள் தொடரே முடிந்துவிடும். இந்திய நேரம் இரவு 7.30 ஆட்டம் நமக்குப் பத்து மணிக்கு. நாணயச் சுழற்சி 9.30க்கு. ஆடும் பதினொருவர் யார் என்று தெரிந்த பிறகும் அணியைத் திருத்த அரைமணி நேரம் கிடைப்பது எஃப்பிஎல்லில் கனவிலும் கிடைக்காத வசதி. ஆனால் ஆட்டம் முடிய நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணியாகும். மறுநாள் இரவு அடுத்த ஆட்டம் வந்து நிற்கும். இதற்கு வாரக் குறிப்பு எழுதுவது வீண்வேலை. திங்களன்று நடந்ததை ஞாயிறன்று எழுதினால், நடுவில் ஆறு ஆட்டங்கள் கடந்து போயிருக்கும். பேச்சு அன்றிரவே நடந்து, அன்றிரவே அடங்கிவிடுகிறது.

இன்னொரு நெருடல் நம்மவர்க்கே உரியது. பிரிமியர் லீக்கில் லிவர்பூல் ரசிகர் ஆர்சனல் ஆட்டக்காரரை எடுப்பதற்கு அதிகம் யோசிப்பதில்லை. சென்னை ரசிகரோ மும்பை ஆட்டக்காரரை அணித்தலைவராக்கச் சொன்னால் குலத்துரோகம் போலப் பார்ப்பார். 2025இல் சென்னை சூப்பர் கிங்ஸ் முதன்முறையாகப் பட்டியலின் கடைசி இடத்தில் முடிந்தது. அந்த அணியில் நூர் அகமதின் 24 விக்கெட்டுகளைத் தவிர ஃபேன்டசிக்குப் பெரிதாக ஒன்றும் தேறவில்லை. அவ்வாண்டு 759 ஓட்டங்களுடன் முதலிடம் பிடித்த சாய் சுதர்சனோ சென்னைப் பையன், ஆனால் ஆடியது குஜராத்துக்கு. அவரை எடுக்கலாமா கூடாதா என்று எங்கள் குழுவில் நடந்த வாதம், ஐபிஎல் எனக்குத் தந்த ஒரே நல்ல குறிப்புக்குப் பொருளானது.

பணத்தைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கிரிக்கெட் ஃபேன்டசி என்றதும் பலர் நினைப்பது, ஓர் ஆட்டத்துக்கு ஒரு நுழைவுக் கட்டணம் செலுத்தி ஆடும் வகையை. இந்தியா 2025 ஆகஸ்டில் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைச் சட்டத்தால் தடைசெய்த பிறகு, அந்நாட்டு ஃபேன்டசி நிறுவனமான டிரீம்11 கட்டணப் போட்டிகளை நிறுத்தியது. சிங்கப்பூரிலோ, 2022ஆம் ஆண்டின் சூதாட்டக் கட்டுப்பாட்டுச் சட்டம் உறவினரும் நண்பரும் வீட்டில் நேரில் கூடி ஆடுவதற்குத்தான் விலக்கு அளிக்கிறது, இணையத்தில் ஆடுவதற்கு அந்த விலக்கு இல்லை. எனவே எந்த வடிவமானாலும் குழுவில் பணம் திரட்டும் பேச்சையே எடுக்கக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. எங்களிடம் முதலிடம் வந்தவருக்குக் கிடைப்பது ஒன்றே: சிராங்கூன் சாலையில் பருவ இறுதி விருந்துக்கான உணவகத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை. சாப்பாட்டுச் செலவு அவரவருடையது.

ஃபார்முலா 1 ஃபேன்டசியில் ஐந்து ஓட்டுநர்களையும் இரண்டு அணிகளையும் எடுத்தால் போதும், வேலை குறைவு. மரினா பே பந்தயம் நெருங்கும் வாரத்தில் எல்லாரும் அதைப் பற்றிப் பேசுவார்கள், பிறகு மறந்துவிடுவார்கள். என்பிஏ ஆட்டங்கள் நம் காலை நேரத்தில் நடப்பது வசதிதான் என்றாலும், ஓர் அணிக்கு 82 ஆட்டங்கள் உள்ள பருவத்தில் அணியை அன்றாடம் கவனிக்க வேலையில்லாதவராக இருக்க வேண்டும்.

ஆக, முகம் தெரியாத முப்பது பேர் உள்ள அலுவலகம் என்றால் வழக்கமான எஃப்பிஎல்தான். அதில் குறிப்பு எழுதும் வேலையை யாரும் ஏற்றுக்கொள்ள வேண்டாம், எண்களே பேசிக்கொள்ளும். இரண்டு மாதம் கலகலப்பு போதும், தூக்கம் கெட்டாலும் பரவாயில்லை என்பவர்களுக்கு ஐபிஎல். ஒருவரையொருவர் உரிமையோடு கேலி செய்யக்கூடிய எட்டுப் பேர் கிடைத்தால், தயங்காமல் டிராஃப்ட். அதற்கு நாள் குறிப்பதுதான் பெரும்பாடு. பருவம் ஆகஸ்டில் தொடங்குவதால், தேசிய தினத்தை ஒட்டிய வார இறுதியை முன்கூட்டியே பிடித்து வைப்பது நல்லது. தள்ளிப்போட்டால் முதல் ஆட்டத்துக்கு முந்திய இரவில் அவரவர் வீட்டிலிருந்தபடியே அவசரமாக எடுக்க நேரிடும், கல் மேசைச் சண்டைக்கு வழியே இல்லாமல் போய்விடும்.