எட்டிமான்லைன்: திறமைச் சொற்களின் வேரைத் தேட எவ்வளவு உதவும்?

டக்ளஸ் ஹார்ப்பர் தொகுத்த எட்டிமான்லைன், ஆங்கிலச் சொற்களின் பிறப்பைச் சொல்லும் இலவச இணைய அகராதி. திறமை, கைத்திறன் சார்ந்த சொற்களைத் தேடினாலே அதன் பலமும் பலவீனமும் தெரிந்துவிடும்.

பலம், சொற்களின் உறவுமுறையைக் காட்டுவதில்தான். கைத்திறனைக் குறிக்கும் ‘டெக்ஸ்டரிட்டி’யின் மூலம், வலப்பக்கத்தைக் குறிக்கும் லத்தீன் ‘டெக்ஸ்டர்’. அதன் ஆதி வேரைச் சொடுக்கினால் சமஸ்கிருத ‘தட்சிண’மும் அதே குடும்பத்தில் நிற்கும். ‘சாமர்த்தியமான’ என்ற பொருளுள்ள ‘அட்ராய்ட்’ இந்த வீட்டுப்பிள்ளை போலத் தோன்றும். ஆனால் அது பிரெஞ்சு ‘த்ருவா’ வழியாக, ‘நேரானது’ என்ற பொருளுள்ள லத்தீன் ‘டிரெக்டஸ்’ஸிலிருந்து வந்தது. ‘சினிஸ்டர்’ (தீமை தொனிக்கும்), ‘கோஷ்’ (நயமற்ற) இரண்டும் இடப்பக்கத்தவை, அதனால் கெட்ட பெயர். இரு கைகளும் பழகியவரைச் சொல்லும் ‘ஆம்பிடெக்ஸ்ட்ரஸ்’ஸின் நேர்ப்பொருள் ‘இருபுறமும் வலக்கை’. இடக்கைக்கு அங்கேயும் இடமில்லை!

‘ஸ்கில்’, வட ஐரோப்பாவின் பழைய நார்ஸ் மொழியிலிருந்து வந்தது. முதலில் பகுத்தறியும் ஆற்றலையே குறித்தது. ‘டெஃப்ட்’டும் ‘டாஃப்ட்’டும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள்: ஒன்று லாவகம், மற்றது அசட்டுத்தனம்.

பதிவுகளைப் படிக்கும்போது இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். அதில் தரப்படும் காலம், சொல் பிறந்த காலமல்ல. எழுத்தில் கிடைத்த மிகப் பழைய சான்றின் காலம். நட்சத்திரக்குறி போட்ட வடிவத்துக்கு எழுத்துச் சான்றே கிடையாது, அறிஞர்கள் ஊகித்து மீட்டமைத்தது. தேடும்போது எழுத்துக்கூட்டலும் முக்கியம். கைவித்தையைக் குறிக்கும் ‘ஸ்லைட்’டில் எல்லுக்கு அடுத்து ஈ வரும்; ‘தந்திரமான’ என்ற பொருளுள்ள ‘ஸ்லை’யின் உறவு அது. ஈ விட்டுப்போனால் ‘அற்பமான’ என்ற பொருளுள்ள வேறு சொல்லின் பக்கத்தில் போய் நிற்பீர்கள்.

எந்தச் சொல்லை எங்கே பயன்படுத்துவது என்று தெரிந்துகொள்ள இது போதாது. விளக்கங்கள் சுருக்கம், இன்றைய வழக்குக்கான எடுத்துக்காட்டு வாக்கியங்களை எதிர்பார்க்க முடியாது. ‘கன்னிங்’ ஒருகாலத்தில் அறிவையும் தேர்ச்சியையும் குறித்தது உண்மைதான். அதை நம்பி இன்று ஓர் அறுவை மருத்துவரை அப்படிப் பாராட்டினால் சூழ்ச்சிக்காரர் என்றாகிவிடும். ‘க்ராஃப்டி’யிலும் அதே வில்லங்கம். பொருள் மாறிய பாதையை மேற்கோள்களோடு பார்க்க ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதிதான் சரி. அதன் இணையப் பதிப்புக்குச் சந்தா உண்டு. நூலக உறுப்பினர் அட்டை வழியாகக் கிடைக்கிறதா என்று முதலில் பாருங்கள்.