கார்டு பில்: முழுசாகக் கட்டுவதா, மினிமம் கட்டுவதா, நகையை வைப்பதா?

நம் ஊரில் வட்டியை வருடக் கணக்கில் யாரும் பேசுவதில்லை. ‘ஒரு வட்டி’, ‘ரெண்டு வட்டி’ என்றால் நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய், இரண்டு ரூபாய். வெளியில் மூன்று வட்டிக்குக் கடன் வாங்கியிருக்கிறேன் என்று சொல்லிப் பாருங்கள், வீட்டில் பெரியவர்கள் பிடித்துத் திட்டுவார்கள். அதே வீட்டில் கிரெடிட் கார்டு பாக்கி மூன்றரை வட்டிக்கு ஓடிக்கொண்டிருக்கும், ஒருவரும் கேட்க மாட்டார்கள். அதனால் எல்லா வழிகளையும் இந்த வட்டிக் கணக்கிலேயே வைத்துப் பார்க்கலாம். கையில் ரூ.50,000 பில் வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

முழுத் தொகையையும் கெடுவுக்குள் கட்டிவிட்டால் வட்டி பூஜ்யம். வாங்கிய தேதியைப் பொறுத்து 45, 50 நாள் வரைக்கும் வங்கிப் பணத்தை சும்மா வைத்திருக்கலாம். இதற்கு மேல் இதில் சொல்ல ஒன்றுமில்லை. கொஞ்சம் பாக்கி வைத்தால்தான் கதை மாறுகிறது. விட்ட தொகைக்கு, பொருள் வாங்கிய நாளிலிருந்தே வட்டி போடுவார்கள். அது மட்டுமல்ல, அடுத்த மாதம் புதிதாகத் தேய்க்கும் மளிகை, பெட்ரோல் எல்லாவற்றுக்கும் முதல் நாளிலிருந்தே வட்டி. இந்த இரண்டாவது விஷயம் பலருக்குத் தெரிவதில்லை.

அடுத்தது மினிமம் டியூ, அந்த மாதம் கட்டியே ஆக வேண்டிய குறைந்தபட்சத் தொகை. வழக்கமாக பில்லில் 5 சதவீதம், அதாவது ரூ.2,500. மீதி 47,500-க்கு மாதம் 3.5 சதவீதம் என்றால் வட்டி சுமார் ரூ.1,662. அந்த வட்டியின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி, ரூ.299. அடுத்த பில்லில் பாக்கி ரூ.49,462 என்று வந்து நிற்கும். கட்டியது 2,500, குறைந்தது 538! இப்படியே ஒரு வருடம், கார்டைத் தொடாமல், மினிமம் மட்டும் கட்டினால் கையை விட்டுப் போவது சுமார் ரூ.28,000. அப்புறமும் பாக்கி ரூ.43,900 போல இருக்கும். ஜிஎஸ்டியையும் சேர்த்தால் இது நாலு வட்டிக்கு மேல். மினிமம் கட்டுவதில் கிடைக்கும் நன்மை இரண்டே: தாமதக் கட்டணம் விழாது, நம் கடன் வரலாற்றைச் சொல்லும் சிபில் அறிக்கையில் தவணை தவறியதாகப் பதிவாகாது. சம்பளம் தள்ளிப்போன ஒரு மாதத்தைச் சமாளிக்க சரி. (சம்பளம் ஓரிரு நாள்தான் தாமதம் என்றால், ரிசர்வ் வங்கியின் 2022 விதிப்படி கெடு தாண்டி மூன்று நாளைக்கு மேல் போனால்தான் தாமதக் கட்டணம் போடலாம்.)

இந்த வட்டிக்கு உச்சவரம்பு இல்லையா என்று கேட்கலாம். 2008-ல் தேசிய நுகர்வோர் ஆணையம் ஆண்டுக்கு 30 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்றது. 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்துவிட்டது. அந்தப் பக்கம் இனி எதிர்பார்க்க வேண்டாம்.

பில்லை இஎம்ஐ ஆக மாற்றுவது நடுவழி. 15 சதவீதத்தில் 12 மாதம் என்றால் மாதம் ரூ.4,513. மொத்த வட்டி ரூ.4,155, அதன் மேல் ஜிஎஸ்டி ரூ.748, கூடவே ஒரு பிராசஸிங் கட்டணம். ஜிஎஸ்டியோடு ஏறக்குறைய ஒன்றரை வட்டி. மினிமத்தை விட எவ்வளவோ தேவலை. ஆனால் கெடு தேதிக்கு முன்பே மாற்றிவிட வேண்டும். முன்கூட்டியே முடித்தால் பெரும்பாலும் தனியாக ஒரு கட்டணமும் உண்டு.

நகைக்கடன்தான் கணக்கில் ஜெயிக்கிறது. வங்கியில் ஆண்டுக்கு 9 சதவீதம் என்றால் முக்கால் வட்டி. அடகு நிறுவனங்களில் கூடுதல், ஒன்றரை, இரண்டு வட்டி வரை போகும், கேட்டுவிட்டு வையுங்கள். இங்கே வட்டிக்கு ஜிஎஸ்டி கிடையாது. கடன் வட்டிக்கு உள்ள ஜிஎஸ்டி விலக்கில் கிரெடிட் கார்டு வட்டியை மட்டும் சேர்க்கவில்லை. சம்பளச் சீட்டும் யாரும் கேட்பதில்லை.

இதில் சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. இஎம்ஐ மாதாமாதம் கழுத்தைப் பிடிக்கும், நகைக்கடன் பிடிக்காது. வருடக் கடைசியில் வட்டியை மட்டும் கட்டி மறுபடி வைப்பதே பல வீடுகளில் வழக்கம். நகையைத் திருப்புவது அடுத்த தீபாவளி, அதற்கடுத்த பொங்கல் என்று தள்ளிப்போகும். இன்னொன்று, கார்டு பெரும்பாலும் கணவர் பெயரில், நகை மனைவியுடையது. எதற்காக வைக்கிறோம் என்று சொல்லாமல் வாங்கிப் போய் வைப்பது கணக்கில் லாபமாக இருந்தாலும் எனக்கு ஒப்பவில்லை.

நகை இல்லாதவர்களுக்குத் தனிநபர் கடன். ஒரு வட்டி, ஒன்றேகால் வட்டிக்குக் கிடைத்தால் வாங்கி கார்டை அடைத்துவிடலாம். 7 சதவீதத்துக்கு எஃப்டி போட்டு வைத்துக்கொண்டே கார்டில் மினிமம் கட்டுபவர்களும் இருக்கிறார்கள். எஃப்டி தருவது மாதம் 58 பைசா வட்டி, கார்டு எடுப்பது நாலு ரூபாய்க்கு மேல். அபராதம் போனாலும் பரவாயில்லை, எஃப்டியை உடைத்துவிடுங்கள். கடையில் கார்டைத் தேய்த்து, நூற்றுக்கு இரண்டு மூன்று ரூபாய் கமிஷன் போகப் பணம் வாங்கி இன்னொரு கார்டை அடைப்பது மட்டும் வேண்டவே வேண்டாம். அடுத்த மாதம் அதே தொகை மறுபடி வந்து நிற்கும், கமிஷனும் மறுபடி.

என் வரிசை இதுதான்: முதலில் எஃப்டி, பிறகு ஒரு வருடத்துக்குள் திருப்ப முடியும் என்றால் வங்கி நகைக்கடன், முடியாது என்று தோன்றினால் தனிநபர் கடன் அல்லது இஎம்ஐ. எதைச் செய்தாலும் பழைய பாக்கி பூஜ்யமாகும் வரை அந்தக் கார்டைத் தேய்க்க வேண்டாம். அப்புறம் ஆட்டோ டெபிட் போட்டிருப்பவர்கள் ஒருமுறை செயலியைத் திறந்து பாருங்கள், அதில் ‘மொத்தத் தொகை’, ‘குறைந்தபட்சத் தொகை’ என்று இரண்டு தேர்வு இருக்கும். எப்போதோ அவசரத்தில் இரண்டாவதைத் தொட்டிருக்கலாம்.