46,500 ரூபாய், ‘ஒரு டிபி’ ஸ்டிக்கர்: வெளி ரெக்கார்டர் வாங்கப் போகிற வீடியோக்காரர்கள் கவனத்துக்கு

குமரி மாவட்டத்தில் கல்யாணம், கோவில் கொடை, சர்ச் திருநாள் என்று வீடியோ எடுக்கிற ஸ்டுடியோக்காரர்கள் இதைப் படித்துவிட்டு அடுத்த சாமானுக்குப் பைசா கொடுங்கள். கேமராவில் எச்டிஎம்ஐ வழியாக மாட்டுகிற வெளி ரெக்கார்டர் ஒன்றை, பழைய கேமரா சாமான் வாங்கி விற்கிற ஒரு கடையில் எங்கள் ஸ்டுடியோ 46,500 ரூபாய்க்கு வாங்கியது. இன்றைக்கு அந்த 46,500 ரூபாயும் அங்கே, ரெக்கார்டரும் அங்கே. எங்களிடம் மிச்சம் இருப்பது ‘1 டிபி’ (அதாவது 1,000 ஜிபி) என்று ஸ்டிக்கர் ஒட்டிய, பதிவைச் சேமிக்கிற ஒரு போலி எஸ்எஸ்டி டிரைவும், ‘எஸ்டிமேட்’ என்று அச்சடித்த துண்டுச் சீட்டும்தான். கடை பெயரைப் போடவில்லை. இதே வேலையைச் செய்கிறவர்கள் வாட்ஸ்அப் குரூப்பிலும் பழைய பொருள் விற்கிற செயலிகளிலும் நிறையப் பேர் இருக்கிறார்கள், வகையைப் புரிந்துகொண்டால் போதும். ரெக்கார்டரை எப்படிப் பார்த்து வாங்குவது என்று கடைசியில் எழுதுகிறேன்.

இந்தச் சாமான் எதற்கு என்று கேட்பவர்களுக்குச் சுருக்கமாக. போட்டோவும் வீடியோவும் எடுக்கிற பல கேமராக்கள் 29 நிமிடம் 59 நொடியில் தானாக நின்றுவிடும். சர்ச் கல்யாணத் திருப்பலி அதற்குள் முடியாது. இப்படிப் பல கேமராக்களின் கார்டில் 8 பிட், 4:2:0 என்று கலர் தகவலைக் குறைத்து நெருக்கிப் பதிவாகிற அதே காட்சி, எச்டிஎம்ஐ வழியாக வெளியே வரும்போது கலர் தகவல் கூடுதலான 4:2:2-ஆக வரும், சில கேமராக்களில் 10 பிட்டாகவும் வரும். அதை அதிகம் நெருக்காமல் புரோரெஸ் என்ற வகைக் கோப்பாக எஸ்எஸ்டியில் எழுதுவதுதான் ரெக்கார்டரின் வேலை. பெண்ணின் வெள்ளை கவுனும் பின்னால் சுண்ணாம்புச் சுவரும் ஒன்றாக வருகிற ஷாட்டில், கலர் திருத்தும்போது இந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும்.

இப்போது கடைக்கு வருவோம். கடைக்காரர் பேச்சில் மட்டும் யாரும் விழவில்லை, அவர் செய்துகாட்டினார். ரெக்கார்டரை ஒரு கேமராவில் மாட்டி, திரையில் வெளிச்ச அளவைக் காட்டுகிற வேவ்ஃபார்ம் போட்டு, ஃபால்ஸ் கலர் போட்டு, ஒரு நிமிடம் பதிவு செய்து, அங்கேயே ஓட்டியும் காட்டினார். ஒரு பிசிறு இல்லை. எஸ்எஸ்டியைத் திருப்பி ஸ்டிக்கரைக் காட்டினார். திரையின் மூலையில் மீதி நேரம் 12 மணிக்கு மேல் என்று ஓடிக்கொண்டிருந்தது. “அண்ணே, இது செட்டோட வாற எஸ்எஸ்டி. 46,500-ல எல்லாம் அடக்கம். மூணு மாசம் நம்ம கேரண்டி. ஏதும்னா நேரா இங்க கொண்டு வாங்க, நான் எங்க போகப் போறேன், கேட்டியளா?” என்றார். சீட்டில் ‘ரெக்கார்டர் செட் 1 – 46,500’ என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார். சீரியல் எண் இல்லை, ஜிஎஸ்டி எண் இல்லை, எஸ்எஸ்டி என்ற வார்த்தையே இல்லை. ‘செட்’ என்ற அந்த ஒரு சொல்லில்தான் பிறகு வழுக்கிக்கொண்டு போனார்.

அந்த ஒரு நிமிட டெமோவின் கணக்கைப் பாருங்கள். 1080பி, 25 பிரேம், புரோரெஸில் உயர்தர வகையான எச்க்யூ என்றால் வினாடிக்கு 184 மெகாபிட், அதாவது 23 எம்பி. ஒரு நிமிடத்துக்கு ஏறக்குறைய 1.4 ஜிபி. எந்தக் குப்பை எஸ்எஸ்டியும் 1.4 ஜிபியை அழகாக எழுதும். திரையில் தெரிகிற மீதி நேரமும் ரெக்கார்டர் அளந்து சொல்வதல்ல. எஸ்எஸ்டி தன்னை 1 டிபி என்று சொல்லிக்கொள்கிறது, ரெக்கார்டர் அதை நம்பி வகுத்துப் போடுகிறது, அவ்வளவுதான். போலி எஸ்எஸ்டியில் மாற்றி எழுதியிருப்பதும் அந்த ஒரு பொய்யைத்தான். உள்ளே 128 ஜிபி சிப்பை வைத்து, வெளியே 1 டிபி என்று சொல்ல வைத்திருப்பார்கள்.

எச்க்யூவில் ஒரு மணி நேரத்துக்கு 83 ஜிபி ஆகும். ஆக 128 ஜிபி ஒன்றரை மணி நேரத்தில் நிரம்பிவிடும். நிரம்பிய பிறகு என்ன ஆகும் என்பதில்தான் வயிற்றெரிச்சல். ரெக்கார்டர் நிற்காது. சிவப்பு விளக்கு எரியும், நேரம் ஓடும், எச்சரிக்கை ஒன்றும் வராது. எழுதச் சொன்னதை எல்லாம் ‘எழுதியாச்சு’ என்று எஸ்எஸ்டி பதில் சொல்லிக்கொண்டே இருக்கும், ஆனால் வைக்க இடம் கிடையாது. மார்த்தாண்டம் பக்கம் ஒரு கல்யாணத்தில் நடந்தது இதுவே. காலையில் பெண் வீட்டில் எடுத்தது எல்லாம் அப்படியே இருக்கிறது. சர்ச்சில் தொடங்கிய கிளிப் கம்ப்யூட்டரில் கோப்பாகத் தெரிகிறது, அளவும் சரியாகக் காட்டுகிறது, திறக்க மட்டும் மறுக்கிறது. அந்த கிளிப்பின் முதல் பகுதி உள்ளே பத்திரமாக இருந்தும் ஏன் திறக்கவில்லை? கோப்புக்குள் எந்த பிரேம் எங்கே இருக்கிறது என்ற பட்டியல் பதிவை நிறுத்தும்போது கடைசியில் எழுதப்படும். அந்தக் கடைசிதான் இல்லாத இடத்தில் விழுந்தது. அதற்குப் பின்னால் எடுத்த ரிசப்ஷன் கிளிப்புகளில் வெறும் பூஜ்ஜியம். கேமராவின் கார்டிலும் கூடவே ஓடவிட்டிருந்ததால் கல்யாணம் தப்பியது. இடையிடையே அந்த 29:59 வெட்டு, அதுவும் 8 பிட்டில். 46,500 கொடுத்து எதைத் தவிர்க்க நினைத்தோமோ அதையே எடிட் டேபிளில் வைத்து ஒட்டிக்கொண்டிருக்கிறோம்.

காலி செய்த எஸ்எஸ்டியில் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருளை ராத்திரி ஓடவிட்டோம். அது எஸ்எஸ்டி முழுவதையும் 1 ஜிபி கோப்புகளால் நிரப்பி, பிறகு ஒவ்வொன்றையும் திரும்பப் படித்து ஒப்பிடும். காலையில் முடிவு: 119 ஜிபி சரி, மீதி 812 தொலைந்தது. 128-ம் 1 டிபியும் கம்ப்யூட்டர் கணக்கில் 119, 931 என்று வருவதால் எண்கள் கச்சிதமாகப் பொருந்துகின்றன. பிறகு உறையைத் திறந்தோம். கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு சின்ன போர்டு, மீதி இடமெல்லாம் காலி. கையில் கனம் தெரிவதற்காக இரட்டைப் பக்க டேப்பில் ஒரு இரும்புத் தகடு. டேப் மட்டும் புத்தம் புதுசு.

இனி சாக்குகள். ஒவ்வொன்றையும் அதற்குரிய பதிலோடு எழுதுகிறேன், உங்களிடமும் இதையேதான் சொல்வார்கள்.

முதலில் கேபிள். “லோக்கல் கேபிள் போட்டா அப்படித்தான்ணே.” கேபிள் மோசமானால் படத்தில் வெள்ளைப் புள்ளி பறக்கும், அல்லது சிக்னல் விட்டுவிட்டு வரும், அதனால் ஒரு கிளிப் பல துண்டாக உடையும். ஒன்றரை மணி நேரம் அருமையாக ஓடிவிட்டு அதன் பிறகு எல்லாமே பூஜ்ஜியம் என்றால் அது கேபிளின் வேலை இல்லை.

அடுத்து, “உங்க கேமராவுல கிளீன் அவுட் இல்ல.” கிளீன் அவுட் இல்லாத கேமராவில் பேட்டரி படமும் ஃபோகஸ் கட்டமும் பதிவிலேயே சேர்ந்து வரும். கோப்பு திறக்காமல் போகாது.

அடுத்து ஃபார்மட். “கம்ப்யூட்டர்ல ஃபார்மட் பண்ணினியளா?” ரெக்கார்டரின் மெனுவில்தான் ஃபார்மட் செய்தோம், அதை அவரே கடையில் வைத்துச் சொல்லிக் கொடுத்தார்.

அதற்கும் மேல் ஒன்று: “பக்கத்துல செண்டமேளம் இருந்திருக்கும், அந்த அதிர்ச்சிதான்.” இது அரைகுறையாக எங்கேயோ கேட்டது. பழைய ரெக்கார்டர்களில் சுழல்கிற ஹார்டு டிஸ்க் போடுவார்கள். தட்டு சுழல, அதன் மேல் ஊசி நகர்கிற அமைப்பு அது. செண்டைக்குப் பக்கத்திலோ பாக்ஸ் ஸ்பீக்கர் முன்னாலோ வைத்தால் ஊசி தடம் விலகும், எழுதும் வேகம் விழும், பிரேம் விட்டுப்போகும். டிஸ்க் நிரம்ப நிரம்ப உள்வட்டத்துக்குப் போவதால் வேகம் இன்னும் குறையும். அந்த ஹார்டு டிஸ்க்குக்கு இது உண்மை. எஸ்எஸ்டியில் நகர்கிற பாகமே கிடையாது. சிங்காரி மேளத்தையே அதன் தலையில் வைத்து அடித்தாலும் 128 ஜிபி 1 டிபி ஆகாது, 1 டிபி 128-ம் ஆகாது.

எச்2டெஸ்ட்டபிள்யூ முடிவைப் படம் எடுத்து அனுப்பினோம். ரெண்டு நீலக் கோடு, பதில் இல்லை. நேரில் போனால், “ரெக்கார்டரைக் குடுத்திட்டுப் போங்க, திருவனந்தபுரத்துல நம்ம ஆள் செக் பண்ணித் தருவான்” என்றார். கொடுத்தோம். அன்றிலிருந்து ஓனர் பாளையங்கோட்டையில், ஓனர் ஆஸ்பத்திரியில், சர்வீஸ் ஆள் லீவில். கடைசியாகப் போனில் அகப்பட்டபோது வந்த பதில்: “எஸ்எஸ்டி நாங்க சும்மா சேத்துக் குடுத்ததுல்லா? ஃப்ரீ சாமானுக்கு ஏதுண்ணே கேரண்டி?” 46,500-ல் எல்லாம் அடக்கம் என்று சொன்ன அதே வாய். சரி, ரெக்கார்டரையாவது தாருங்கள் என்றால் “வந்ததும் சொல்லுதேன்” என்று வைத்துவிட்டார். இப்போது எடுப்பதும் இல்லை.

எப்படித் தேர்ந்தெடுப்பது என்று விரிவாக எழுதுவதாகச் சொன்னேன். இருக்கிற எரிச்சலில் முடியவில்லை, வாய்க்கு வந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

எஸ்எஸ்டியை ரெக்கார்டரோடு சேர்த்து வாங்காதீர்கள். ரெக்கார்டர் கம்பெனி தன் தளத்தில் போட்டிருக்கிற பட்டியலில் உள்ள மாடலைப் பில்லோடு தனியாக வாங்குங்கள். வாங்கிய அன்றே முழுசும் எழுதிப் படித்துப் பாருங்கள், ஒரு இரவு போனால் போகட்டும்.

அசலாகவே இருந்தாலும் எல்லா எஸ்எஸ்டியும் இதற்கு ஆகாது. 4கே, 25 பிரேம், எச்க்யூ என்றால் வினாடிக்கு 92 எம்பி நிற்காமல் எழுத வேண்டும், மணிக்கு 330 ஜிபிக்கு மேல். 50 பிரேம் என்றால் இரட்டிப்பு. உறையில் போட்டிருக்கும் 500 எம்பி வேகம் ஆரம்ப வேகம். மலிவான க்யூஎல்சி வகை எஸ்எஸ்டிகளில் பல, வேகமாக எழுதுகிற தற்காலிக இடம் (கேஷ்) நிரம்பியதும் 100 எம்பிக்கும் கீழே படுத்துவிடும். கல்யாணத்துக்கு எச்க்யூ தேவையே இல்லை என்பது என் கட்சி. சாதா புரோரெஸ் 422 போதும், 1080-ல் மணிக்கு 55 ஜிபியோடு முடியும்.

‘4கே சப்போர்ட்’ என்று போட்டிருந்தால், 4கே உள்ளே வாங்குமா, 4கே-யில் பதிவு செய்யுமா என்று கேளுங்கள். கேம் விளையாடுகிறவர்களுக்கான கேப்சர் பெட்டிகளை 4கே ரெக்கார்டர் என்று தள்ளிவிடுகிறார்கள். அவற்றில் பல 4கே வாங்கி 1080-ல் நெருக்கிய எச்.264 கோப்பாக எழுதும்.

டெமோ பார்க்கும்போது உங்கள் கேமரா, உங்கள் கேபிள், உங்கள் எஸ்எஸ்டி. பதிவு ஓடும்போதே எச்டிஎம்ஐ முனையை லேசாக அசையுங்கள், படம் துடித்தால் அந்த போர்ட் தளர்ந்திருக்கும், அல்லது ஏற்கெனவே சால்டர் வைத்துப் பழுது பார்த்திருக்கும். குளச்சல், முட்டம் பக்கம் ஓடிய சாமான் என்றால் முனைக்குள் டார்ச் அடித்துப் பச்சை பூத்திருக்கிறதா என்று பாருங்கள். கேமரா பக்கம் மைக்ரோ எச்டிஎம்ஐ என்றால் கேபிளை அசையாமல் பிடிக்கிற கிளாம்ப் இல்லாமல் ஓட்டாதீர்கள்.

பேட்டரி: ரெக்கார்டர் 10 முதல் 20 வாட் வரை தின்னும். நல்ல என்பி-எஃப்970 ஒன்றே முழுத் தின்னலில் இரண்டு மணி நேரம் வந்தால் பெரிது, ‘செட்டோடு’ வருவது அதில் பாதி.

கார்டிலும் கூடவே ஓடட்டும். எப்போதும்.

பில்லில் ரெக்கார்டர் மாடல், சீரியல் எண், எஸ்எஸ்டி மாடல், கொள்ளளவு தனித்தனியாக இருக்க வேண்டும். “தொழிலுக்கு வாங்கினா நுகர்வோர் கேஸ் நிக்காது” என்று மிரட்டுவார்கள். சொந்த உழைப்பில் பிழைப்புக்காக வாங்கியது என்றால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நிற்கும். நுகர்வோர் உதவி எண் 1915. ஆன்லைனில் பைசா போனால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. எங்கள் மனு நாளை போகிறது, அந்த எஸ்டிமேட் சீட்டோடும் இரும்புத் தகட்டோடும்.

ஒன்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஏழு இன்ச் திரை, பின்பக்கம் பேட்டரித் தட்டுக்குக் கீழே சீரியல் ஸ்டிக்கர் பாதி கிழிந்தது, எச்டிஎம்ஐ இன் பக்க ரப்பர் மூடி கிடையாது, வலது மூலையில் ஒரு பிளவு. இப்படி ஒரு ரெக்கார்டர் ‘செட்டாக’ உங்களிடம் விலைக்கு வந்தால், கீழே தகவல் போடுங்கள். அதற்கு ஏற்கெனவே 46,500 கொடுத்தாகிவிட்டது.